நூற்றெட்டு கோவிந்தாவும் நான் செய்த பூட்டும்

நான் செய்த பூட்டு ஒன்றை ஒருவர் உடைத்தார். கடப்பாரை கிடையாது, கள்ளச்சாவி கிடையாது. பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினார். பிறகு ஒரு போன் செய்தார். அவ்வளவுதான்.

ராஜபாளையத்தில் இந்த அலுவலகத்தின் சன்னலோர மேசையில் ஏழு வருடம் உட்கார்ந்திருந்தேன். வருகிற மாதம் எழுந்துவிடுவேன். ஓய்வு பெறுகிற வயதில்லை, முப்பத்திரண்டுதான் ஆகிறது. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கப் போகிறேன். நீங்கள் மூன்று பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்த மென்பொருளை எங்கே நிறுவுவது, எந்தக் கட்டளைக்கு என்ன பதில் வரும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் எழுதப்போவது வேறு. ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணியிலிருந்து மாலை நான்கு மணிக்குள் நான் எடுக்க வேண்டியிருந்த முடிவைப் பற்றி. அதுபோல ஒரு நாள் உங்களுக்கும் வரும். எனக்கு வந்தபோது சொல்ல ஆளில்லை. உங்களுக்கு இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் என் மண்டைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்தினர் வந்தார்கள். அவர்களுடைய பழைய ஆவணங்கள் எல்லாம் ஒரே கட்டாகக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிக் கிடந்தன. பூட்டியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது. கட்டுக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பெயர்ப் பட்டியல் மட்டும் தெரிந்தது. அதில் ஒன்று அவர்களுடைய விளம்பரத் துண்டறிக்கை. அதே துண்டறிக்கை பூட்டில்லாமல் அவர்களுடைய இணையப் பக்கத்திலும் கிடந்தது. அந்தப் பழைய வகைப் பூட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு: உள்ளே இருப்பதில் ஒன்று எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும், பூட்டியதையும் பூட்டாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டு மற்ற எல்லாவற்றையும் திறந்துவிடலாம். மதியச் சாப்பாட்டுக்குள் திறந்து கொடுத்தேன். வந்தவர்கள் என்னை மந்திரவாதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

உள்ளே இருப்பதில் ஒரு துளி தெரிந்தால் முழுப் பூட்டும் ஆட்டம் காணும். இந்தப் பாடத்தை அன்றைக்கு நான் கையால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன தெரியுமா? ‘விற்கிற பூட்டெல்லாம் சொத்தைப் பூட்டு, நானே செய்தால் நன்றாக இருக்கும்’ என்று.

அடுத்த வருடமே வாய்ப்பு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்களுக்கான ஓர் ஆலோசனை மையம் இருந்தது. வீட்டில் அடி தாங்க முடியாமல் வருகிற பெண்களுக்கு அவர்கள் வழக்குக்கு உதவுவார்கள், வேலை தேடித் தருவார்கள், தேவைப்பட்டால் வேறு ஊரில் வீடு பார்த்துக் குடிவைப்பார்கள். குடிவைத்த இடம் கணவன் வீட்டாருக்குத் தெரியக் கூடாது. வருகிற மனுக்களையும் குடிவைத்த முகவரிகளையும் கணினியில் ஏற்றவும், ஏற்றியதைப் பூட்டி வைக்கவும் ஒரு மென்பொருள் கேட்டார்கள். அந்தப் பூட்டை நான் செய்தேன்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். கணினிக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது, எல்லாமே எண்தான். இருநூறு எண்களை இஷ்டத்துக்கு வரிசையாக அடுக்கி அதைச் சாவி என்று வைத்தேன். மனுவின் முதல் எழுத்துக்குரிய எண்ணோடு சாவியின் முதல் எண்ணைக் கூட்ட வேண்டும். இரண்டாவதோடு இரண்டாவது. இப்படியே போய் இருநூறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. வெளியே வருவது வெறும் குப்பையாகத் தெரியும். திறக்க வேண்டுமானால் கூட்டியதைக் கழித்தால் போதும்.

அப்போது எங்கள் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர் ஒருவர் இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். எல்லாரையும் ‘ஏமிரா’ என்று கூப்பிட்டுவிட்டுத்தான் தமிழுக்கு வருவார். என் திரையை எட்டிப் பார்த்தார்.

“ஏமிரா, சாவி இருநூறு தாண்டினா பொறவு என்ன பண்ணும்?”

“மறுபடியும் மொதல்லேருந்து வரும்ணே.”

“எல்லா மனுவுக்கும் ஒரே சாவியா?”

“ஆமாண்ணே. ஆளுக்கொரு சாவின்னா அங்க இருக்கிற அக்கா கொழம்பிருவாக.”

“உலகமே தட்டிப் பாத்து ஒடைக்க முடியாத பூட்டு சும்மா கெடக்குது. அத எடுத்து மாட்டாம நீ தனியாப் பட்டறை போட்டுருக்கே.”

“எல்லாரும் வச்சிருக்கிற பூட்டுன்னா எல்லாருக்கும் தெரியும்லண்ணே. நம்ம பூட்டு எப்படின்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியாததுனால நிக்கிற பூட்டு, தெரிஞ்ச அன்னைக்கு விழுந்துரும்லே” என்றார். டீ வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. அவர் வற்புறுத்தவில்லை, நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கைநாட்டுதான். சோழபுரத்தில் எங்கள் தெருவில் பட்டா மாற்ற வேண்டும், ரேஷன் அட்டையில் பெயர் சேர்க்க வேண்டும் என்றால் ஐந்தாம் வகுப்பிலேயே என்னைத்தான் எழுதச் சொல்வார்கள். தலைப்பில் ‘ஆண்டாள் துணை’. கீழே ‘அனுப்புநர்’, அதற்குக் கீழே ‘பெறுநர்’, பிறகு ‘ஐயா, வணக்கம்’. யாருடைய மனு, என்ன குறை என்று கேட்பதற்கு முன்பே நான்கு வரி எழுதிவிடுவேன். எல்லா மனுவும் ஒரே மாதிரித்தான் தொடங்கும் என்று பத்து வயதில் எனக்குத் தெரியும். இருபத்தாறு வயதில் மனுக்களுக்கென்றே ஒரு பூட்டுச் செய்தபோது அது எனக்கு ஞாபகம் வரவில்லை. படிப்பு சில சமயம் இப்படித்தான், தெரிந்ததைத் தூக்கி அடியில் போட்டுவிடும்.

நாலு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதையே பூட்டின் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வியாழக்கிழமை மையத்தில் பிரிண்டர் காகிதத்தைக் கடிக்கிறது என்று கூப்பிட்டார்கள், போனேன். தட்டச்சு செய்கிற அக்கா வலது கையைச் சூடான தண்ணீர்ப் பாத்திரத்தில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. மையம் தொடங்கிய நாளிலிருந்து எல்லா மனுவையும் ஏற்றியவர் அவர் ஒருவர்தான். வந்த காகிதத்தில் உள்ளதை ஓர் எழுத்து விடாமல் ஏற்ற வேண்டும் என்பது மையத்தின் விதி. நீதிமன்றத்தில் ‘என் மனுவை மாற்றிவிட்டார்கள்’ என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா. அந்த அக்கா விதியை வேதமாக வைத்திருப்பவர்.

“என்னக்கா, கைக்கு என்னாச்சு?”

“ஏன் கேக்க. ஒரு மனுசன் பொண்டாட்டியத் திருப்பி அனுப்பச் சொல்லி மனு போட்டுருக்கான். அழுது அழுது எழுதிட்டு அடியில நூத்தியெட்டு கோவிந்தா. வேண்டுதலாம். ஒண்ணுகூட விடாம ஏத்தணுமாம்.”

“ஒண்ண அடிச்சுட்டு காப்பி பேஸ்ட் பண்ண வேண்டியதுதான?”

“ஏலே, பெருமாள் பேர காப்பி பேஸ்ட் பண்ணா அது வேண்டுதலாலே? அவன் கையால எழுதிருக்கான், நான் கையால அடிச்சேன். நடுவுல ஒரு எடத்துல ‘கோவிதா’ன்னு புள்ளி வச்ச எழுத்த விட்டுருக்கான். அதயும் அப்படியே அடிச்சேன், விதிலே.”

நான் சிரித்தேன். பிரிண்டரின் மூடியைத் திறந்து மாட்டிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தேன். அக்கா தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

“பக்திமான்தான் போல. நேத்து போன் பண்ணிக் கேக்கான். ‘என் கடுதாசிய ஏத்திட்டீகளா, நூத்தியெட்டும் இருக்கா, எண்ணிப் பாத்தீகளா, அந்தத் தப்பயும் திருத்தாம விட்டீகளா’ன்னு. ‘எல்லாம் அப்படியே இருக்குய்யா’ன்னேன். ‘ரொம்ப சந்தோசம்’னு வச்சுட்டான். பொண்டாட்டிய அனுப்புவீகளான்னு ஒரு வார்த்த கேக்கல பாத்துக்கோ.”

காகிதம் என் கையில் இருந்தது. பிரிண்டர் மூடியைச் சாத்தவில்லை.

மனைவியைத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதியவர், மனைவியைப் பற்றிக் கேட்கவில்லை. எழுத்து எழுத்தாக ஏறியதா என்று மட்டும் கேட்டிருக்கிறார். அது எந்த மனிதருக்குத் தேவைப்படும்?

“அக்கா, அவரு என்ன வேல பாக்காரு?”

“ஏதோ மில்லுல கம்ப்யூட்டர் பாக்கானாம்ல. ஒன் சாதிதான்.”

உட்கார்ந்தேன். அக்கா ஏற்றிய அந்த மனுவை எடுத்தேன். பூட்டிய கோப்பையும் எடுத்தேன். ஐந்தோடு எதையோ கூட்டினேன், பன்னிரண்டு வந்தது என்றால், கூட்டியது ஏழு என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். மனுவில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும், எழுதியதே அவர்தான். பூட்டிய பிறகு என்ன ஆனது என்று பார்க்க முடிந்தால், இதை அதிலிருந்து கழித்தால் நடுவில் நிற்பது என் சாவி. இருநூறு எண் நீளமுள்ள சாவி முழுவதும் வெளியே வர, இருநூறு எழுத்தைத் தாண்டும் நீளமான ஒரு கடிதம் வேண்டும். கடிதத்தை நீட்டுவதற்கும், ஓர் எழுத்துகூடப் பிசகாமல் அதை ஏற்ற வைப்பதற்கும் இந்த ஊரில் கோவிந்த நாமத்தைவிட நல்ல வழி எது? நடுவில் விட்ட எழுத்து தவறே இல்லை, அது அவர் வைத்த அடையாளம். கணக்கு அந்த இடத்தில் சரியாக வந்தால், மற்ற இடத்திலும் சரி.

பூட்டிய கோப்பு அவருக்கு எப்படிக் கிடைத்திருக்கும்? அங்கேதான் என் இரண்டாவது தவறு. மனு கொடுத்தவர்களுக்குக் குறுஞ்செய்தியில் மனு எண்ணும், மனு என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் இணைய முகவரியும் போகும். அந்த முகவரியில் கடைசிச் சொல்லை அழித்துவிட்டால், பூட்டிய கோப்புகள் அத்தனையும் மனு எண்ணின்படி வரிசையாகத் தெரியும். எனக்கு அது தெரிந்தே இருந்தது. ‘பூட்டித்தானே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போகட்டும்’ என்று விட்டிருந்தேன்.

என் கைபேசியில் அந்த முகவரியைத் திறந்து நானே பார்த்தேன். ஏதாவது பத்துக் கோப்பை எடுத்து வைத்தேன். பத்தும் ஒரே குப்பையில்தான் தொடங்கின. அச்சு அசலாக ஒரே குப்பை. எல்லா மனுவுக்கும் தலைப்பில் ‘ஆண்டாள் துணை’, எல்லா மனுவுக்கும் ஒரே சாவி, பிறகு வேறு எப்படி இருக்கும்? கணினி தெரிந்த ஒருவர் பார்த்தால் பூட்டின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். தலைப்பை வைத்துச் சாவியின் முதல் சில எண்களை முன்பே எடுத்திருப்பார். மீதி எண்களுக்காகத்தான் அந்தக் கடிதம்.

கழித்துப் பார்த்தேன். என் இருநூறு எண்ணும் வரிசையாக வந்து நின்றன. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் நான் எழுத வந்தது இந்த இடத்தைத்தான். அப்போது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, யாரிடமும் சொல்லாமல் கோப்புகளை வெளியே தெரியாமல் மறைத்து, நல்ல பூட்டு ஒன்றை எடுத்து எல்லாவற்றையும் மறுபடி பூட்டிவிடுவது. ஒரு மணி நேர வேலை. பிரிண்டரைச் சரி செய்துவிட்டுக் கிளம்பிவிடலாம். என் பெயர் கெடாது. அந்த வழி எவ்வளவு இனித்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. கை விசைப்பலகை மேல் போய்விட்டது.

ஆனால் பூட்டை மாற்றினால் இனி எடுப்பவருக்குத்தான் தடை. நேற்றே எடுத்துப்போன நகலில் பழைய பூட்டுதான் தொங்கும். அந்த நகலுக்குள் அவர் மனைவியின் முகவரி இருந்தது.

அவருடைய மனைவியைச் செல்வி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகளோடு சுந்தரபாண்டியத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தார். மாவு மில் ஒன்றில் வேலை. கணவன் வீட்டை விட்டு வந்தபோது அவருடைய இடது கை இரண்டு இடத்தில் முறிந்திருந்தது என்று அந்தக் கோப்பிலேயே இருந்தது. நான் அதை அன்றைக்குத்தான் முதல் தடவை படித்தேன். நாலு வருடம் எதைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று ஒருநாள்கூட நான் படித்ததில்லை.

மையத்தை நடத்துகிற மேடத்தின் அறைக்குப் போனேன். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அவர். அதட்டாமலே அதட்டுவார்.

“மேடம், செல்வியோட அட்ரஸ் வெளிய போயிருக்கும்னு நெனைக்கேன். நான் போட்ட பூட்டு ஒடைஞ்சுருச்சு.”

“நெனைக்கிறீங்களா, தெரியுமா?”

“அவரால முடியும்னு தெரியும். முடிச்சிட்டாரான்னு தெரியாது.”

“அவன் எடுத்ததுக்கு ஏதாவது தடயம்?”

“அது தெரியுத மாதிரி நான் எழுதி வைக்கல மேடம். அதுவும் என் தப்புதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “தம்பி, அந்தப் பொண்ணு ஒன்றரை வருசத்துல மூணாவது வீடு இது. இப்பதான் ராத்திரி தூங்குறேன்னு போன வாரம் சொல்லுச்சு. பிள்ளைக்கு நாளைக்குப் பரீட்சை. முடியும்கிறதுக்காக நான் போயி மறுபடியும் மூட்டையக் கட்டச் சொல்லவா? முடியும்கிறதும் செஞ்சிட்டான்கிறதும் ஒண்ணா?”

“இந்த வேலையில ஒண்ணுதான் மேடம்.”

“தப்பாப் போச்சுன்னா? அவன் நெசமாவே வேண்டுதல்தான் எழுதியிருந்தான்னா?”

“அப்ப ஒரு பரீட்சையும் ஒரு மாச வாடகையும் வீணாப்போகும். என்னக் காறித் துப்புங்க, வாங்கிக்கிறேன். நான் சும்மா இருந்து அது தப்பாப் போச்சுன்னா...”

பூட்டு உடைந்ததா என்ற கேள்விக்கு எதிராளி வந்து பதில் சொல்ல மாட்டான். உடைக்க முடியும் என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த நிமிடமே அது உடைந்த பூட்டு. அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் காப்பாற்ற வேண்டியது பூட்டை அல்ல, உங்கள் பெயரையும் அல்ல, உள்ளே இருந்ததை.

மேடம் கண்ணாடியை மாட்டினார். வாசலைப் பார்த்து, “அந்த ஆட்டோக்காரரக் கூப்பிடுங்க” என்றார். மையத்தின் வேன் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. வேனில் மையத்தின் பெயர் எழுதியிருக்கும்.

மேடமும் தட்டச்சு அக்காவும் ஆட்டோவில் ஏறினார்கள், நானும் கூடப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. செல்வி மில்லிலிருந்து மாவு படிந்த கையோடு வந்தார். தட்டச்சு அக்கா விஷயத்தைச் சொன்னார். செல்வி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

“நீங்கதான் பூட்டுப் போட்டவுகளா?”

“ஆமா.”

“ஒங்க பூட்டு ஒடஞ்சதுக்கு நான் எதுக்கு வீட்ட மாத்தணும்?”

“தப்பு என்னோடதுங்க” என்றேன்.

“தப்புங்கீக. சொல்லுதது சுளுவு. அந்த அண்டாவத் தூக்குங்க, அது கனம்.”

தூக்கினேன். அடுப்பு, பாய், இரண்டு சாக்கு, பிள்ளையின் புத்தகப் பை. பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “அம்மா, நாளைக்குக் கணக்குப் பரீட்சை” என்றது. “அங்க போயி எழுதலாம்ட்டி” என்றார் செல்வி. எங்கே என்று பிள்ளை கேட்கவில்லை. கேட்காமல் இருக்கப் பழகியிருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஆட்டோவில் ஏறுவதற்கு முன் செல்வி மேடத்திடம் ஒரு நிபந்தனை போட்டார். “இனிமே போற எடத்த எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஏத்தக் கூடாது. எத்தன பூட்டுப் போட்டாலும் சரி.” மேடம் சரி என்றார். அக்கா மட்டும் கூடப் போய்விட்டு வருவது என்று முடிவானது. ஆட்டோ கிளம்பியபோது மணி நாலு. எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் இருக்க நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. தவறாகக் கணித்து ஒரு பிள்ளையின் பரீட்சையைக் கெடுத்தவன் என்ற நினைப்பு நாள் முழுக்க அறுத்தது. மூத்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ‘அன்னைக்கே சொன்னேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். “ஏமிரா, சாப்டியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, எல்லாக் கோப்பையும் உலகம் தட்டிப் பார்த்த பூட்டுக்கு மாற்ற என்னோடு உட்கார்ந்தார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சுந்தரபாண்டியத்திலிருந்து, வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் மேடத்துக்குப் போன் செய்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் வந்து தெருவில் இரண்டு நடை நடந்தாராம். கடைசியில் வீட்டுக்காரரிடமே, “இங்க பச்சைக் கதவு வீடு எது?” என்று கேட்டாராம். “பச்சைக் கதவா? அப்படி எதுவும் கெடையாதே” என்று வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. பொங்கலுக்குத்தான் அந்தக் கதவுக்கு நீல வண்ணம் அடித்திருந்தார். பச்சைக் கதவு என்பது இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சம் இருந்தது: செல்வி அங்கே குடிவந்தபோது அக்கா ஏற்றிய கோப்பில், ‘மேலத்தெரு, கிழக்குப் பார்த்த பச்சைக் கதவு வீடு’ என்று.

வண்டி எண்ணை வீட்டுக்காரர் குறித்து வைத்திருந்தார், அது செல்வியின் கணவருடைய வண்டி. செல்வியின் அருகே போகக் கூடாது என்று நீதிமன்றம் அந்தக் கணவருக்கு ஏற்கெனவே தடை போட்டிருந்ததால், காவல் நிலையத்தில் புகாரை உடனே எடுத்துக்கொண்டார்கள். நானும் போய் எழுதிக் கொடுத்தேன். என் பூட்டு எப்படிப்பட்டது, அது எதனால் உடைந்தது, எந்தக் கடிதத்தால் உடைந்தது, எல்லாம். எழுதிக்கொண்ட காவலர் நூற்றெட்டு கோவிந்தா என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“சாமி பேர வச்சா தம்பி ஒடைச்சான்?”

“எது வேணாலும் வைக்கலாம் சார். நாம அப்படியே ஏத்துவோம்னு அவருக்குத் தெரியணும், அம்புட்டுதான்.”

அந்தக் கோப்புகளில் மேலும் பல பெண்களின் முகவரி இருந்தது. அடுத்த வாரம் முழுவதும் மேடமும் அக்காவும் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து விஷயத்தைச் சொன்னார்கள். இரண்டு வீட்டுக்கு நானும் போனேன். ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். அதுவும் அவர் உரிமைதான்.

இனி உங்களுக்கு. உங்கள் எதிராளிக்கு நீங்கள் பூட்டி வைப்பதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்குங்கள். நம் ஊரில் கடிதம் எப்படித் தொடங்கும், ரசீது எப்படி முடியும், திருமண அழைப்பிதழில் முதல் வரி என்ன என்பது நம் எல்லாருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அதைவிட முக்கியம், அவன் எழுதியதை நீங்களே கொண்டுபோய்ப் பூட்டுக்குள் வைப்பீர்கள். மனு, புகார், பாராட்டுக் கடிதம், படிவத்தில் ஒரு கட்டம், எது வழியாகவாவது அவன் எழுத்து உள்ளே வரும். வராமல் தடுக்க முடியாது. வந்தாலும் சாவியைக் காட்டிக்கொடுக்காத பூட்டுதான் பூட்டு. ஒரே வாசகத்தை இரண்டு தடவை பூட்டினால் இரண்டு தடவையும் வேறு வேறாக வர வேண்டும். வரவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதையெல்லாம் கெட்டிக்காரர்கள் பல வருடம் மண்டையை உடைத்துச் சரி செய்து, எல்லாரும் பார்க்கும்படி வெளியே வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததை எடுத்து மாட்டுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பூட்டு செய்யத் தெரிந்தவன் என்று பெயர் வாங்குவது நம் வேலையே இல்லை.

அக்காவை ஒருபோதும் குறை சொல்லாதீர்கள். ‘அந்த அம்மா நூற்றெட்டையும் அடித்திருக்க வேண்டாமே’ என்று பிறகு இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். ஓர் எழுத்து விடாமல் ஏற்றுவது அவர் வேலை, அதை அவர் சுத்தமாகச் செய்தார். ஒழுங்காக வேலை செய்கிற ஒருவரால் உடைகிற பூட்டு என்றால், குற்றம் பூட்டு செய்தவனுடையது. அந்த போனைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்காவிட்டால் சனிக்கிழமை அந்தக் கதவுக்குப் பின்னால் ஆள் இருந்திருக்கும். பிரிண்டரைச் சரி செய்யப் போனாலும் அங்கே இருப்பவர்களைப் பேச விடுங்கள். நான் இன்று வரைக்கும் கருவிகளைவிட அதைத்தான் நம்புகிறேன்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். பால்கோவா வாங்கிக்கொண்டு நின்றார். நலம் விசாரித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏலே, செல்வி இப்ப எங்க இருக்கா தெரியுமா? அவ பொண்ணு வகுப்புலயே மொத...” என்று ஆரம்பித்தார்.

“அக்கா, ஊரச் சொல்லாதீக. பிள்ளையப் பத்தி மட்டும் சொல்லுங்க.”

அக்கா பால்கோவாவைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பிள்ளை கணக்கில் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் சொன்னார். என் பேருந்து வந்தது, ஏறிவிட்டேன்.